போன ஜென்மத்துப் பட்டா

பாழடைந்த அரண்மனை. மாடிப்படியெங்கும் நூலாம்படை. நகரத்திலிருந்து வந்த கதாநாயகி ஒரு திரைச்சீலையை விலக்குகிறாள். பின்னால் பழைய ஓவியம் ஒன்று தொங்குகிறது; அதில் இருப்பது அவளுடைய முகம். அமானுஷ்யக் காதல் நாவல்களை விடாமல் படிப்பவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன் அவள் ஒருவனைக் காதலித்தாள், அவனைக் கொன்றுவிட்டார்கள், அவன்தான் இப்போது பக்கத்து அறையில் தங்கியிருக்கும் இளைஞன். அதுவரை இருவரும் சண்டை போட்டது, சந்தேகப்பட்டது, மெல்ல மெல்ல நெருங்கியது எல்லாம் அந்த ஒரு பக்கத்தோடு அர்த்தம் இழந்துபோகின்றன. விட்டகுறை தொட்டகுறை என்று கதாசிரியர் சொல்லிவிட்டார். இனி அவள் யோசிக்க ஒன்றுமில்லை.

பேய் உண்டு என்பதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு நூறு பக்கம் வந்த வாசகி, இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். நிலத்தைக் கண்ணால் பாராதவன் தாத்தா காலத்துப் பட்டாவைக் காட்டி உரிமை கேட்பதுபோல, அந்தக் காதலன் போன ஜென்மத்தைக் காட்டி அவளைக் கேட்கிறான். அவனைப் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த உத்தி தமிழுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், வியப்பான ஒன்று தெரிகிறது. முற்பிறவியும் காதலும் சேர்ந்த கதை தமிழில் மிகப் பழையது. ஆனால் பழைய கதையில் முற்பிறவி செய்த வேலை இதற்கு நேர் எதிரானது. அதை அறிய அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் இன்று பேருந்தில் கடந்துபோகிறவர்கள் திரும்பிப் பார்க்காத ஊர். அங்கே சோழர் காலத்துப் புத்தர் சிற்பமும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. சிவன் கோயில்களுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் மூன்று சமயங்களும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழரின் தலைநகராக இருந்த கங்கைகொண்ட சோழபுரமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரனின் பெயரால் எழுதப்பட்ட இலக்கண நூல் வீரசோழியம். அதை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். இந்த மண்ணில் மறுபிறவி என்பது வெறும் கதைச் சரக்காக இருந்ததில்லை. பிறவி ஏன் தொடர்கிறது, எப்படி அறுகிறது, போன பிறவியின் செயலுக்கு இந்தப் பிறவியில் யார் பொறுப்பு என்று ஆட்கள் உட்கார்ந்து வாதாடிய விஷயம் அது.

அந்த வாதத்தின் ஆகப் பெரிய கதை மணிமேகலை. அது அச்சில் பரவலாக வாசிக்கப்பட்டதற்குக் காரணமானவரும் இந்த வட்டாரத்தில் தமிழ் படித்த பிள்ளைதான். உ.வே.சாமிநாதையரின் தந்தை உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவு பெற்ற இசைவாணர். குடும்பம் அரியலூரிலும் குன்னத்திலும் மாறி மாறிக் குடியிருந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடம்தான் சிறுவன் சாமிநாதன் தமிழின் ருசியைக் கண்டான். பின்னாளில் கும்பகோணத்தில் மணிமேகலை ஏடுகளோடு போராடியபோது அவருக்குப் பௌத்தக் கருத்துகள் பிடிபடவில்லை. மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1898-ல் தம் குறிப்புரையோடு பதிப்பித்தார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுபோல் தோன்றும். அமுதசுரபியும் பசிப்பிணியும் பாடப்புத்தகத்தில் வந்துவிடுகின்றன. அதன் நடுவில் ஓடும் காதல் கதையைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. புகார் நகரில் இந்திர விழா நாளில், மாதவியின் மகள் மணிமேகலை பூப்பறிக்க உவவனம் போகிறாள். சோழ இளவரசன் உதயகுமரன் தேரில் பின்தொடர்கிறான். அவள் பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிகிறாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் உருவம் தெரிகிறது, வழி தெரியவில்லை. அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாட்டி சித்திராபதியின் மூலம் அவளை அடைவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கற்பற்றவள், காசுக்கு வாழ்பவள் என்ற பேச்சும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்படிப் பேசியவன் பின்னாலேயே தன் நெஞ்சு போகிறது, இதுதான் காமத்தின் இயல்பா என்று தோழி சுதமதியிடம் அவள் வியந்து சொல்லும் இடம், தமிழில் ஒரு பெண் தன் மனத்தைத் தானே நின்று பார்த்த மிகத் துல்லியமான இடங்களில் ஒன்று.

அதற்குப் பிறகுதான் அமானுஷ்யம் நுழைகிறது. மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்தில் தூக்கி மணிபல்லவத் தீவில் வைக்கிறது. புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் போன பிறவி நினைவு வருகிறது. அப்போது அவள் பெயர் இலக்குமி, கணவன் இராகுலன். பார்வையிலேயே விஷம் உள்ள பாம்பு அவனைக் கொன்றது. அவள் தீயில் இறங்கினாள். அந்த இராகுலன்தான் உதயகுமரன் என்று தெய்வம் சொல்கிறது.

இன்றைய மாத நாவலாசிரியர் ஒருவர் கையில் இந்த இடம் கிடைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நெஞ்சு அவன் பின்னால் போனதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கணவன் மனைவி சேர வேண்டியதுதான் பாக்கி. மணிமேகலையை எழுதிய சாத்தனார் இங்கிருந்துதான் கதையைத் தொடங்குகிறார். காரணம் தெரிந்ததும் அவளுக்கு அந்த ஈர்ப்பு ஆணையாகத் தெரியவில்லை, ஆராய வேண்டிய ஒன்றாகத் தெரிகிறது. வானில் பறக்கவும் வேற்றுருக் கொள்ளவும் மந்திரம் கற்றுக்கொண்டு, கையில் அமுதசுரபியோடு புகாருக்குத் திரும்புகிறாள். அவன் மறுபடி தேடி வரும்போது, யானைத்தீ என்னும் தீராப்பசி பிடித்த காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த உருவத்தில் நின்றுகொண்டு, எதிரே போகும் நரைத்த கிழவி ஒருத்தியை அவனுக்குக் காட்டி, இந்தக் கூந்தல் முன்பு எப்படி இருந்தது, இந்தக் கண், இந்தப் பல், இந்தத் தோள் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறாள். முன்பு தன் கணவனாக இருந்தவனுக்கு, இப்போது தான் விரும்பாமலும் இல்லாதவனுக்கு, வேறொருத்தியின் முகத்தை அணிந்துகொண்டு அவள் நடத்தும் பாடம் அது.

அந்த நேரம் பார்த்து உண்மையான காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் என்னும் வித்தியாதரன் வந்து சேர்கிறான். பன்னிரண்டு ஆண்டுச் சாபம் முடிந்தும் மனைவி வரவில்லையே என்று தேடி வந்தவன். மனைவி தன்னைக் கண்டுகொள்ளாமல் ஓர் அரசகுமாரனோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். அன்றிரவு மணிமேகலை தங்கியிருந்த அம்பலத்துக்குள் வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். கண்விழித்த மணிமேகலை காயசண்டிகை உருவத்தைக் களைந்துவிட்டு அழுதுகொண்டே அவன் உடலை நெருங்குகிறாள். தூணில் இருக்கும் பாவை, போகாதே என்று தடுத்துப் பேசுகிறது. இராகுலனாக இருந்தபோது, முனிவருக்குச் சமைத்த உணவோடு இடறி விழுந்த சமையற்காரனை அவன் வாளால் வெட்டினான். அந்த வினைதான் இன்று வாளாக வந்தது என்கிறது.

முற்பிறவி இங்கே இரண்டு வேலை செய்கிறது. மரணத்துக்குக் கணக்குச் சொல்கிறது. ஈர்ப்புக்குக் காரணம் சொல்கிறது. அவனோடு வாழ் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவள் அழுகிறாள், ஆனால் அவனை ஏற்கவில்லை. இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் இருப்பதால்தான் உதயகுமரனின் சாவு வாசிப்பவரை உலுக்குகிறது.

சிலப்பதிகாரத்திலும் இதே கணக்குத்தான். கோவலன் போன பிறவியில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதனாக இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி அலைந்து திரிந்து, சாபமிட்டு, மலையிலிருந்து விழுந்தாள். கோவலன் ஏன் வெட்டுப்பட்டான் என்பதற்கு அது விடை. கண்ணகி அவனை ஏன் நேசித்தாள் என்பதற்கு இளங்கோவடிகள் முற்பிறவியைத் துணைக்கு அழைக்கவே இல்லை.

இன்னும் பின்னால் போனால், காதலர் சந்திப்பில் விதிக்குப் பங்கு உண்டு என்று தொல்காப்பியரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் விதி இருவரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறது. பிறகு தோழியிடம் கெஞ்சுவது, ஊர் பேசுவது, தாய் கதவடைப்பது, விடியற்காலையில் வீட்டை விட்டுப் போவது எல்லாம் மனிதர் படும் பாடு. குறுந்தொகையில் செம்மண்ணில் பெய்த மழையைப் பாடிய புலவர் காட்டும் காதலர்களுக்கு ஒருவரோடு ஒருவர் எந்த முன் உறவும் கிடையாது. அந்த இல்லாமைதான் பாட்டின் அழகே. அதே தொகையில் அம்மூவனாரின் தலைவி அடுத்த பிறவியைப் பற்றிப் பேசுகிறாள். அப்போதும் நீயே என் கணவனாக வேண்டும் என்று கேட்கிறாள். வாழ்ந்து பார்த்தவள் முன்னோக்கி வைக்கும் ஆசை அது. மறுபிறவியைக் காதலுக்குள் கொண்டுவர இதைவிட நியாயமான வழி இல்லை.

பேய்களும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதற்குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அந்நூலில் ஊடிய பெண்களைக் கதவு திறக்கச் சொல்லும் பகுதியும், பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சும் பகுதியும் ஒரே வீட்டின் இரு கோடி அறைகள் போல இருக்கின்றன. காதலையும் பேயையும் ஒரு நூலில் வைத்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று கெடுக்க வேண்டியதில்லை என்பதற்குச் சோழ அவையே சாட்சி.

திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூரில் வழங்கும் நீலி கதையில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகத் திரும்பி வருகிறாள். கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். எழுபது வேளாளர்கள் தம் உயிரைப் பிணையாக வைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள்; அவன் செத்தான்; அவர்களும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். போன பிறவியின் உரிமையைக் கேட்டு வருகிறவளிடம் ஊர் எப்படி ஏமாறும் என்பதைச் சொல்லும் கதை இது. சமணர் அதே நீலியை எடுத்து நீலகேசி என்னும் காவியம் செய்தார்கள். முனிவரை மயக்க அழகியாக வந்த பேய்மகள், அவரிடம் பாடம் கேட்டு மாறி, பௌத்தர் முதலானவர்களோடு வாதாடப் புறப்படுகிறாள். மயக்க வந்தவள் மனம் மாறலாம் என்ற வாய்ப்பை அந்தக் கதை அவளுக்குக் கொடுத்தது.

அப்படியானால் பட்டா எப்போது வந்தது? மேற்கில் 1887-ல் வெளியான ரைடர் ஹாகார்டின் 'ஷீ' நாவலில் அயேஷா என்னும் சாகாத அரசி, தான் கொன்ற காதலன் மறுபடி பிறந்து வருவான் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் குகையில் காத்திருக்கிறாள். வந்தவனை இந்தப் பிறவியில் உண்மையாகக் காப்பாற்றிய பெண் உஸ்தானே. அவளை அயேஷா கொன்றுவிடுகிறாள். பழைய உரிமைக்காக இன்றைய அன்பு பலியாவதை ஹாகார்ட் மறைக்காமல் எழுதினார். அந்தக் கொலை வாசகருக்கு உறுத்த வேண்டும் என்றே எழுதினார். 1932-ல் வந்த 'தி மம்மி' படத்தில் பிணப்பெட்டியிலிருந்து எழுந்த இம்ஹோடெப், தன் பழைய இளவரசியை ஹெலன் என்னும் பெண்ணிடம் காண்கிறான். அவளுக்கு நினைவும் திரும்புகிறது. ஆனாலும் தான் இப்போது உயிரோடு இருப்பவள், வாழ விரும்புபவள் என்று மறுத்துவிடுகிறாள். நெருக்கடியான அந்த நிமிஷத்தில் ஹெலன் மணிமேகலைக்குத் தங்கையாகிவிடுகிறாள்.

பின்னால் வந்தவர்கள் மறுப்பை விட்டுவிட்டு நினைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய 'டிராகுலா'வில் மீனாவுக்கும் டிராகுலா பிரபுவுக்கும் முற்பிறவி உறவே கிடையாது. அவன் அவளைத் தாக்க வந்தவன். 1992-ல் கொப்போலா எடுத்த படத்தில் அவள் அவனுடைய இறந்த மனைவியின் மறுபிறவி ஆகிவிட்டாள். தாக்குதல் அத்தனையும் ஒரே மாற்றத்தில் காதலாகிப்போனது. 2008-ல் ஸ்டெஃபனி மேயரின் 'பிரேக்கிங் டான்' வந்தபோது விதி இன்னும் ஒரு படி போனது. ஓநாயாக மாறும் ஜேக்கப், அப்போதுதான் பிறந்த குழந்தை ரெனஸ்மியைப் பார்த்ததும் அவளோடு வாழ்நாள் பிணைப்பில் கட்டுண்டுவிடுகிறான். அதுவரை மேயரின் நாவல் வரிசையை உயிராகப் படித்த வாசகிகள் பலர் முகம் சுளித்தது நியாயம். குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே அவள் பதிலை ஆசிரியர் எழுதிவிட்டார்.

தமிழில் இந்த உத்தியை வெகுஜன வாசகர் முன்னால் பெரிதாக வைத்தவர் கல்கி. 'சோலைமலை இளவரசி'யில் 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் போலீசுக்குத் தப்பிய குமாரலிங்கம் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். மணியக்காரர் மகள் பொன்னம்மாள் அவனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்கிறாள். அதே இடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன், வெள்ளைக்காரரிடம் தப்பிய மாறனேந்தல் மகாராஜாவாகத் தான் இருந்ததும், சோலைமலை இளவரசி மாணிக்கவல்லி தன்னைக் காப்பாற்றியதும் அவனுக்குக் கனவுபோல் தெரிகின்றன. இந்த நாவல் இன்றும் நிற்பதற்குப் பொன்னம்மாள்தான் காரணம். பயத்தையும் குறும்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு குற்றவாளிக்குச் சோறு போடத் துணிந்த கிராமத்துப் பெண் அவள். அந்தத் துணிச்சலுக்கு அவளுக்கு எந்த முற்பிறவியும் தேவைப்படவில்லை. கல்கி அவளை விட்டுவிட்டு அரண்மனைக் காட்சிக்குப் போகும்போதெல்லாம் கதை அழகாகிறது. கூடவே கனம் குறைகிறது.

சினிமாவில் 1958-ன் இந்தி 'மதுமதி'க்குப் பிறகு, 1963-ல் ஸ்ரீதர் 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்தார். ஜமீன்தார் மகனும் ஏழைப் பெண் கண்ணம்மாவும் காதலித்து அழிக்கப்பட்டதை, கல்யாண்குமார் நடித்த இளைஞன் பாழடைந்த மாளிகையில் நினைவுகூர்கிறான். கண்ணம்மாவாக தேவிகா. வின்சென்ட்டின் ஒளிப்பதிவும் விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசையும் அந்தப் படத்தை மறக்கவிடாமல் வைத்திருக்கின்றன. ஆனால் பார்த்தவர்கள் நடுங்கிச் சொல்வது நம்பியாரைப் பற்றி. சாதியும் அந்தஸ்தும் தலைக்கேறிய அந்தத் தகப்பன் நூறு வயது தாண்டியும் சாகாமல், மகனின் அடுத்த பிறவியையும் பிரிக்கக் காத்திருக்கிறான். முற்பிறவி பழிக்கும் கொடுமைக்கும் விளக்கமாக வரும்போது படம் நிமிர்கிறது. இந்தப் பிறவியின் காதல் ஜோடி ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள அங்கே நேரமே இல்லை.

1980-களில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் அடுக்கடுக்காகத் தொங்கிய காலத்தில் உத்தி வழக்கமாயிற்று. காரணம் தொழில் சார்ந்தது. குறைந்த பக்கங்களில் இரண்டு பேரைச் சந்திக்கவைத்து, பேய் காட்டி, மர்மம் அவிழ்த்து, சேர்த்தும் வைக்க வேண்டும். இரண்டு மனிதருக்கு ஒருவரை ஒருவர் ஏன் பிடித்தது என்று எழுதுவதுதான் காதல் கதையின் மிகக் கஷ்டமான பகுதி. முற்பிறவி அந்தப் பகுதியை ஒரே பத்தியில் முடித்துக்கொடுத்தது. மாதா மாதம் கெடு வைத்து எழுதியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. 2024-ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் அமானுஷ்யத்தைத் தமிழில் அதிகம் எழுதியவர். அவருடைய 'விடாது கருப்பு' 1990-களின் இறுதியில் சின்னத்திரையில் தமிழ்நாட்டையே உட்காரவைத்தது. காவல் தெய்வமும் பழைய குற்றமும் நிகழ்காலத்தைத் துரத்திவரும் அந்தக் கதையின் பிடி, கடந்த காலத்தைத் தீராத கடனாகக் காட்டியதில் இருந்தது. அவருடைய வெற்றியைப் பார்த்து எழுத வந்த பலர் கடனை விட்டுவிட்டுக் காதலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த உத்தியால் அதிகம் நஷ்டப்படுவது மூன்றாம் ஆள். நாயகனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோ, நாயகியை வருஷக்கணக்கில் நேசித்த நண்பனோ, உஸ்தானேயைப் போல இந்தப் பிறவியில் உழைத்தவர்கள். ஓவியம் வெளிப்பட்டதும் அவர்கள் கதையிலிருந்து துடைத்தெறியப்படுகிறார்கள். பல நாவல்களில் அவர்களுக்கு விடைபெறும் காட்சிகூட இல்லை. இன்று செயலிகளில் வாரம் இரண்டு அத்தியாயமாக எழுதப்படும் தமிழ்த் தொடர்களில் இந்த அநியாயம் இன்னும் கூடியிருக்கிறது. நாயகன் நாயகியைக் கடத்திவைத்து மிரட்டுகிறான்; அவள் வெறுக்கிறாள்; அறுபதாவது அத்தியாயத்தில் அவன் போன ஜென்மத்துக் கணவன் என்று தெரிகிறது; வெறுப்பு கரைந்துவிடுகிறது. உவவனத்தில் உதயகுமரன் துரத்தியதை சாத்தனார் கடைசிவரை துரத்தலாகவே வைத்திருந்தார்.

மறுபிறவிக் காதல் எழுதுகிறவர்கள் எழுதட்டும். அது நம்முடைய சொந்தச் சரக்கு, யாரிடமும் கடன் வாங்கியதில்லை. எழுதத் தொடங்குமுன் மணிமேகலையின் பதினெட்டு முதல் இருபத்தொன்று வரையுள்ள நான்கு காதைகளையும் ஒரு முறை படித்துவிட்டு எழுதுங்கள். நாயகிக்குப் போன பிறவி ஞாபகம் வரட்டும். வந்த பிறகும் முடியாது என்று சொல்ல அவளுக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள்.